மச்சினன் முகம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க. எனக்கு இந்த ஓரம்தான் வேணும். இங்கே இருந்தால்தான் முன்னால் நாலாவது சீட்டு தெரியும். பச்சைத் துப்பட்டா தெரியுதுங்களா, அது என் மகள், மோகனப்பிரியா. பக்கத்தில் கட்டம் போட்ட சட்டைக்கு மேலே ஒரு பிடரி தெரியுதே, அது என் மச்சினன், சம்சாரத்தோட தம்பி, தெய்வசிகாமணி. கோபியில் ஏறினதிலிருந்து அந்த ரெண்டு பிடரியையும் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். ஒன்றும் பிடிபடவில்லை. முகத்துக்கு சாஸ்திரம் இருக்குதுங்க, பிடரிக்கு இல்லை.

நீங்கள் வாத்தியார்தானே? இல்லையா? உங்க காது அப்படித்தான் சொல்லுது. சரி இருங்க, நீங்கள் சொல்லாதீங்க, நானே சொல்கிறேன்.

பதினொன்றரை மணிக்குக் கோயமுத்தூரில் அவளுக்கு இண்டர்வியூ. கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை. மனுசங்க எதிரில் உட்கார்ந்து கேட்கிற இண்டர்வியூ. அது இப்போ அபூர்வம்ங்க. இதுக்கு முன்னால் அஞ்சு கம்பெனியில் மெஷின் அவளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இதுவும் போனால் படித்ததைப் பீரோவில் பூட்டிவிட்டு பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் பேசிப் பதினோரு நாள் ஆகுது. இன்றைக்கு பஸ்ஸில் ஏறினதும் நான் அவள் பக்கத்தில் உட்காரப் போனேன். "மாமா, நீங்க இங்க வாங்க" என்று அவனைக் கூப்பிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். "மச்சான், நீங்க உக்காருங்க, நான் பின்னால போறேன்" என்றான். நல்லவன் மாதிரி. நானும் நல்லவன் மாதிரி பின்னால் வந்துவிட்டேன்.

பேங்கு. நீங்கள் பேங்கு. அதுவும் இல்லையா? பரவாயில்லை, பஸ் ஆடுது, முகம் நிற்க மாட்டேங்குது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர் மாரப்பன். பத்தாவது ஃபெயில். ஆனால் படிப்பை நான் விட்டதில்லை. ஸ்பின்னிங் மில்லில் பத்தொன்பது வருசம் நைட் ஷிப்ட். நூல் அறுந்தால் கட்டணும், அறுகாத நேரம் சும்மா நிற்கணும். அந்தச் சும்மா நிற்கிற நேரத்தில் நான் படித்தது ஒரு காலேஜுக்கு வரும். ஹோமியோபதி படித்தேன், ஹிந்தி பாதி படித்தேன், தேனீ வளர்ப்பு, கம்ப்யூட்டர். கடைசியாகக் கையில் கிடைத்தது சாமுத்திரிகா லட்சணம். பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கினது, அட்டை இல்லை, எழுதினது யாரென்றே தெரியாது. நெற்றி எப்படி இருந்தால் என்ன, மூக்கு எப்படி இருந்தால் என்ன, எல்லாம் படத்தோட. அதில் கடைசி அத்தியாயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டில் ஒரு டாக்டர், நூறு வருசத்துக்கு முன்னால், ஜெயிலுக்குள் போய் கைதிங்க மண்டையை எல்லாம் டேப்பு வைத்து அளந்தாராம். தாடை இத்தனை, நெற்றி இத்தனை, இப்படி இருந்தால் திருடன் என்று எழுதினாராம். எனக்குப் புல்லரித்துவிட்டது. நம்ம ஆளும் சொல்கிறான், வெள்ளைக்காரனும் சொல்கிறான், அப்போ அது உண்மைதானே?

இதை மோகனாவிடம் சொன்னபோது அவள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். "ஏனப்பா, உள்ள இருந்தவங்க மண்டைய மட்டும் அளந்தா, மாட்டாத திருடனுக்கு நெத்தி எப்பிடி இருக்கும்னு யாரு பாத்தா?" என்றாள். சின்னப்பிள்ளை, ஏதோ கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

மில்லை மூடினார்கள். அடுத்த மாசமே கோபியில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் ஒரு வேலை வந்தது பாருங்க, எனக்காகவே செய்து வைத்த மாதிரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரணும். திரையில் ஒரு முகம் வரும். எந்த ஊரோ, எந்த நாடோ. கீழே அஞ்சு கேள்வி. நம்பலாமா, உழைப்பாளியா, கோபக்காரரா, நேர்மையா, தலைமை தாங்குவாரா. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து அஞ்சு வரைக்கும் மார்க். ஆறு செகண்டுக்குள் போட்டுவிடணும், அதற்குள் அடுத்த முகம் வந்துவிடும். சுவரில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. யோசிக்க வேண்டாம், முதல் பார்வையில் தோன்றுவதைக் குறிக்கவும். வெளிநாட்டில் ஒரு மெஷின் செய்கிறார்கள், அதற்கு மனுசரைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம் நாம் என்று சூப்பர்வைசர் சொன்னாள். நான் வாத்தியாரானது அப்படித்தான். பத்தாவது ஃபெயில் ஆனவன், ஒரு மெஷினுக்கு.

அங்கே மொத்தம் பதினாலு பேர். முதல் ரெண்டு வாரம் படுமோசம். ஒரே முகத்தை மூன்று பேருக்கு அனுப்புவார்கள், மூன்று பேரும் ஒரே மாதிரி மார்க் போட்டால்தான் அந்த முகம் பாஸ். ஒருத்தர் அஞ்சு போட, ஒருத்தர் ஒன்று போட, வந்ததெல்லாம் திரும்பி வந்தது. பக்கத்து சீட்டு தீபலட்சுமி அழுதேவிட்டாள். "அண்ணா, மொகத்தப் பாத்து நம்பலாமா வேண்டாமான்னு எப்பிடிங்க தெரியும்? எனக்கு எல்லாரும் யாரோ வீட்டு ஆளு மாதிரித்தான் தெரியறாங்க" என்றாள்.

நான்தான் எழுந்து நின்றேன். புஸ்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். டீ பிரேக்கில் எல்லோருக்கும் வகுப்பு. ஆனால் புஸ்தகத்தில் இருக்கிற படம் எல்லாம் ராஜா காலத்துப் படம், கிரீடம் வைத்திருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. அதனால் என் சொந்தக்காரர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். போனில் போட்டோ காட்டினேன். இது எங்கப்பா, முழித்த கண்ணு, முறுக்கு மீசை, பஞ்சாயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். இந்த மாதிரி வந்தால் நேர்மை அஞ்சு, தலைமை அஞ்சு. இது மில்லில் என்னோட வேலை செய்த அர்ஜுனன், கண் எப்பவும் சொருகியே இருக்கும், தூங்குமூஞ்சி. இந்த மாதிரி வந்தால் உழைப்பு ஒன்று. எங்க பெரியம்மா முன்பல்லு நாலு வெளியே தெரியும், எப்பவும் சிரித்த முகம். அப்படி வந்தால் கோபம் ஒன்று.

அப்புறம் இவன். இந்தப் பிடரி.

கூட்டுப் புருவம்ங்க. ரெண்டு புருவமும் மூக்குக்கு மேலே வந்து கை கோத்துக்கொள்ளும். யோசிக்கும்போது உதடு இடது பக்கம் கொஞ்சம் கீழே இறங்கும். இவனைக் காட்டி, இது மச்சினன் முகம், நம்பகம் ஒன்று, நேர்மை ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு போடுங்க என்றேன்.

அன்றிலிருந்து பாருங்க, பறந்தது வேலை. ஹால் முழுக்க அதே பேச்சு. "அண்ணா, இது உங்கப்பாவா?" "பாதி அப்பா, மீசைக்கு மட்டும் போடு." "அண்ணா, இந்தப் பொம்பளைக்கும் கூட்டுப் புருவம் இருக்குதுங்க, மச்சினனா?" "ஆணென்ன பொண்ணென்ன, மச்சினன்தான், ஒண்ணு போடு." ஒரு நாள் நீக்ரோ மாதிரி ஒருத்தர்... அப்படிச் சொல்லக் கூடாதாம், மோகனா திட்டுவாள், ஆப்பிரிக்காக்காரர் ஒருத்தர் வந்தார், அச்சு அசலாக எங்க பெரியம்மா. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டோம். அத்தனை சந்தோசமாக என் ஆயுசில் வேலை செய்ததில்லைங்க. மில்லில் பத்தொன்பது வருசம் நூலைத்தான் பார்த்தேன். இங்கே உலகமே என் முன்னால் வந்து, நான் எப்படி ஐயா என்று கேட்டுவிட்டுப் போகுது.

வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது. மற்ற ஊர்களில் நூற்றுக்கு அறுபது முகம்தான் ஒத்துப் போகுதாம், எங்களுக்குத் தொண்ணூற்று ஏழு. எப்படி இத்தனை துல்லியம் என்று அதிசயப்பட்டுக் கேட்டார்களாம். கேடயம் ஒன்று அனுப்பினார்கள். மொத்தம் நாற்பத்தோராயிரம் முகம்.

மச்சினன் மேல் என்ன கோபம் என்று கேட்கிறீங்க. நியாயம்தான். அவன் கல்யாண ஆல்பம். நூற்றுப் பத்து போட்டோ. நான் பதினேழு போட்டோவில் இருக்கிறேன். பதினேழிலும் என் கண் மூடியிருக்குது. பதினேழுங்க. ஹாலில் பெரிசாக மாட்டியிருக்கிற போட்டோவில் மாலைக்குப் பின்னால் என் நெற்றி மட்டும் தெரியுது. போட்டோவை எல்லாம் தேர்ந்தெடுத்தது யார்? இவன். அக்கா புருசன், மூத்த மாப்பிள்ளை, ஒரு போட்டோவிலாவது கண் திறந்திருக்க வேண்டாமா? மோகனா சொல்கிறாள், ஓமப் புகையில் நான் எல்லாப் படத்திலும் தும்மிக்கொண்டிருக்கிறேனாம். உற்றுப் பார்த்தால் தெரியுதாம். நான் உற்றுப் பார்த்ததில்லை. பார்க்க வயிறு எரியும்.

அது மட்டும் இல்லை. அவன் குணமே அப்படி. மோகனாவுக்கு டெங்கு வந்தபோது ஆறு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தான். நான் ஷிப்டு முடித்துப் போகும்போதெல்லாம் இவன் இருப்பான். ஒரு வார்த்தை, நான் இத்தனை நாள் இருந்தேன் மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லவில்லை. அவளுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது இவன், பின்னாலேயே ஓடி ஓடி. அதையும் சொல்லவில்லை, அவள் ஓட்டிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். செய்கிறதை எல்லாம் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால் அதற்கு என்னங்க அர்த்தம்? உள்ளுக்குள் ஏதோ இருக்குதுன்னுதானே?

குன்னத்தூர் வந்துவிட்டது. நீங்கள் அவிநாசியில் இறங்கணும் இல்லைங்களா, கண்டக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. இன்னும் நேரம் இருக்குது.

போன சித்திரையில் மோகனா படிப்பு முடித்தாள். வேலைக்கு எழுதிப் போட்டாள். இப்போதெல்லாம் முதலில் போனிலேயே இண்டர்வியூ. போனை எதிரில் நிறுத்தி வைத்துப் பேசணும், கேள்வி கேட்கிறது மெஷின், முகத்தைப் பார்த்து மார்க் போடுகிறதும் மெஷின். பழகிக்கொள்ள பயிற்சித் தேர்வு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். அவள் எழுதினதும் ரிசல்ட் வந்தது. எட்டிப் பார்த்தேன். நம்பகம், உழைப்பு, கோபம், நேர்மை, தலைமை. அதே அஞ்சு. அதே வரிசை. அதே பச்சைக் கோடு, மஞ்சள் கோடு.

தெருவில் இறங்கி ஓடினேன், என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒரு டஜன் பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். சம்சாரத்திடம், "ருக்குமணி, நம்ம மெஷின்டி. நான் சொல்லிக்கொடுத்த மெஷின். கோயமுத்தூருக்கே வந்திருச்சு" என்றேன். மோகனாவிடம் சொன்னேன், "கண்ணு, நீ எதுக்கும் பயப்படாதே. பேப்பர் திருத்தறதே உங்கப்பன்தான்."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். நம்பகம், பத்துக்கு ரெண்டு புள்ளி நாலு.

வெளிச்சம் சரியில்லை என்று சொன்னேன். லைட்டை மாற்றினேன். ரெண்டு புள்ளி நாலு. பின்னால் வெள்ளை வேட்டி கட்டினோம், பவுடர் போட்டோம், சிரித்துக்கொண்டே பேசச் சொன்னேன். ரெண்டு புள்ளி மூன்று. இப்படியே ஒவ்வொரு கம்பெனியாகப் போயிற்று. அஞ்சாவது கம்பெனி மட்டும் மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினது, உங்கள் சுபாவம் எங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தவில்லை என்று. சுபாவமாம். பக்கத்து வீட்டுக் கிழவிக்குத் தினமும் கண்ணில் மருந்து விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன். அவள் அழுது முடித்துவிட்டு எழுந்தாள். "அப்பா, எல்லாரும் எழுதிப் பாப்போம்" என்றாள். ஒரே கொண்டாட்டம். முதலில் அவள் அம்மா உட்கார்ந்தாள். தலைமை ஒன்பது. "அது உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா" என்று ருக்குமணி கேட்டாள். பால்காரர் வந்தார், அவரையும் உட்கார வைத்தோம், கோபம் எட்டு. மனுசன் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். உழைப்பு ஒன்று புள்ளி ரெண்டு. ருக்குமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நைட் ஷிப்ட் பார்த்து இமை இறங்கிப் போச்சுங்க, அது மெஷினுக்கு எப்படித் தெரியும். அர்ஜுனன் என்று நினைத்துக்கொண்டது. இப்போ யோசித்தால், அர்ஜுனனும் எனக்கு முன்னாலிருந்தே நைட் ஷிப்டுதான். சரி அதை விடுங்க.

மோகனா வெளியே போனாள். எதிரில் வீடு கட்டுகிறார்கள், முன்னால் மூங்கிலில் திருஷ்டி பொம்மை கட்டியிருக்குது. முழித்த கண்ணு, முறுக்கு மீசை, நாக்கு, ரெண்டு பக்கமும் கோரைப் பல்லு. அதைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கொத்தனார் பின்னாலேயே வந்து, "சாயந்தரம் திருப்பிக் கட்டிரு சாமி, எஞ்சினியர் கேட்பாரு" என்றார். பொம்மையை நாற்காலியில் வைத்தாள், போனை எதிரில் நிறுத்தினாள், இவள் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து பதில் சொன்னாள். அதே பதில். கம்பெனிக்குச் சொன்ன அதே பதில், ஒரு எழுத்து மாறாமல். வாடிக்கையாளர் கோபமாக வந்தால் என்ன செய்வீர்கள். முதலில் அவரை உட்காரச் சொல்வேன், தண்ணீர் கொடுப்பேன், அவர் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்பேன்.

பொம்மைக்கு நம்பகம் எட்டு புள்ளி ஆறுங்க. நேர்மை ஒன்பது. தலைமை பத்துக்குப் பத்து. கோபம் ஒன்று. பல்லு தெரியுது இல்லையா, எங்க பெரியம்மா என்று நினைத்துவிட்டது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கொத்தனார் சிரித்தார். "நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுவாங்க, நான் இதை எங்க போயித் தேடறது" என்றார். எனக்கு வயிறே வலி கண்டுவிட்டது. ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். நான் கற்றுக்கொடுத்ததை ஒன்று மறக்கவில்லை பாருங்க, அந்த மெஷின். நான் படித்த காலத்தில் எனக்கு இந்த ஞாபக சக்தி இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

மோகனா சிரிக்கவில்லை. எப்போ நிறுத்தினாள் என்று தெரியவில்லை. உள்ளே போய் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மாமா கல்யாண ஆல்பம். மாப்பிள்ளைக் கோலத்தில் இவன் முகம் பெரிசாக இருக்கிற பக்கத்தை நாற்காலியில் நிறுத்தினாள். பின்னால் போய் உட்கார்ந்து மறுபடியும் அதே பதில்களைச் சொன்னாள். முதலில் அவரை உட்காரச் சொல்வேன். தண்ணீர் கொடுப்பேன்.

ரெண்டு புள்ளி நாலு.

கொத்தனார் பொம்மையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் எழுந்து வந்தாள். எனக்கு நேராக நின்று கேட்டாள். "அப்பா, நீங்க மார்க் போடறப்ப யாரை நெனச்சுப் போட்டீங்க?"

நான் சொன்னேன், "அது சாஸ்திரம் கண்ணு. ஆள் பார்த்துப் போடறது இல்லை."

அதற்கு அப்புறம் என்னிடம் பேசவில்லை. இன்றோட பதினோரு நாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு மனசு நோகும் என்று யாரால் சொல்ல முடியுது.

அவள் பிறந்தபோதே எல்லோரும் சொன்னார்கள், தாய்மாமன் ஜாடை என்று. காது குத்தும்போது இவன் மடியில்தான் உட்கார வைத்தோம், முறை அதுதானே. இவன் அவளைப் பிடித்திருக்கிறான், அவள் அழுகிறாள், ரெண்டு பேருக்கும் புருவம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு நிற்குது. அதைப் பார்த்துவிட்டு மொத்தக் கூட்டமும் சிரித்தது. நான் மட்டும், இல்லை இல்லை, எங்கம்மா ஜாடை என்று பந்தியில் ஒவ்வொரு இலையாகப் போய்ச் சொன்னேன். எங்கம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பாள். போட்டோ இல்லை, அதனால் உறுதியாகச் சொல்லலாம்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீங்க. மறுநாளே மெடிக்கல் ஷாப் மாடிக்குப் போனேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன், கூட்டுப் புருவத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் இருக்குது. ஆணுக்கு இருந்தால் ஒன்று, அது அப்படியே இருக்கட்டும். பொம்பளைப் பிள்ளைக்கு இருந்தால் அஞ்சு. அதை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். வேண்டுமானால் நாற்பத்தோராயிரம் முகத்தையும் திருப்பிக் கொடுங்க, நானே உட்கார்ந்து மறுபடியும் போடுகிறேன், சம்பளம் வேண்டாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அண்ணா, அது போயிருச்சு. இப்ப எந்தெந்த நாட்டுல, எந்தெந்த ஆபீசுல வெச்சிருக்காங்கன்னு எனக்கே தெரியாது. அது படிச்சது படிச்சதுதான். மறக்கடிக்க முடியாது" என்றாள்.

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்று தோன்றியது. அர்ஜென்டினா என்று ஒரு நாடு இருக்குதே, அங்கே ஒருத்தன், கூட்டுப் புருவத்தோட, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்காருவான். ரெண்டு புள்ளி நாலு. எழுந்து போவான். மறுபடியும் வந்து உட்காருவான். என்னடா நம்மிடம் குறை என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பாவம், அவனுக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாண ஆல்பம் இருக்குது என்று யார் போய்ச் சொல்கிறது.

அப்படித் தோன்றியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டதுங்க. படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். மெடிக்கல் ஷாப்காரர் வெளியே வந்து, தண்ணி வேணுமா என்று கேட்டார்.

இவனுக்கு எல்லாம் தெரியும். மோகனா சொல்லிவிட்டாள். இவன் என்ன சொன்னானாம் தெரியுங்களா? "போகட்டும் உடு கண்ணு. நாப்பத்தோராயிரம் மொகத்துலயும் உங்கப்பா என்னைத்தான் தேடியிருக்காரு." சொல்லிவிட்டுச் சிரித்தானாம். அப்புறம் இவனே கோயமுத்தூரில் நாலு நாள் அலைந்து, நேரில் ஆளைப் பார்த்துப் பேசுகிற இடம் இருக்குதா, பேசிப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லுங்க என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டு, இந்தக் கண் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்திருக்கிறான். சிபாரிசு கூட இல்லை. நேரில் முகம் பார்த்துப் பேசுங்க என்று மட்டும்தான் கேட்டானாம். இதை எனக்குச் சொன்னது ருக்குமணி. இவன் வழக்கம் போல வாயைத் திறக்கவில்லை. வழக்கம் போல எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கணும். வந்தது. ஆனால் ஆறு செகண்டுக்கு மேல் நிற்கவில்லை.

அட, கோழிப்பண்ணைக்கு மருந்து விற்கிறவரா நீங்கள்? பையில் எழுதியிருக்குது, இப்போதுதான் பார்த்தேன். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பையைப் பார்க்கவில்லை.

அவிநாசி வந்துவிட்டது. கோயில் தேர் நிற்கிற தேர்முட்டி தெரியுது. இறங்கத்தானே போறீங்க, எனக்கு ஒரு உதவி செய்யுங்க. பின்வாசல் வழியாக இறங்காதீங்க. முன்னால் போங்க. நாலாவது சீட்டைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பாருங்க, பக்கத்தில் அவன் முகத்தையும் பாருங்க. நீங்கள் எங்களுக்கு யாரும் இல்லை. ஆல்பம் பார்த்ததில்லை, காது குத்துக்கு வந்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறவர்களும் உங்களை மாதிரிதானே, யாரோ. அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிவாள் என்று எனக்குத் தெரியணும். இறங்கினதும் இந்த ஜன்னல் பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க.

முதலில் என்ன தோன்றுதோ அதை...

இல்லைங்க. இருங்க, இருங்க. டிரைவர் டீ குடிக்க இறங்குகிறார், பஸ் அஞ்சு நிமிசம் நிற்கும். முதலில் தோன்றுகிறது வேண்டாம். பக்கத்தில் நின்று கோயமுத்தூருக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று அவளிடம் ஏதாவது கேளுங்க. அவள் பதில் சொல்வாள், நல்லா விளக்கமாகச் சொல்வாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. அவனிடமும் ஏதாவது கேளுங்க. நிதானமாக, அவசரமே இல்லை.

உங்க பையை நான் பார்த்துக்கிறேன், போங்க.